வகுப்பறையில் காணொலி எடிட்டிங்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செயல்திட்டத்தைக் கட்டுரையாக அல்லாமல் காணொலியாகக் கொடுக்கச் சொல்லும் ஆசிரியர்களுக்கு முதல் வாரத்திலேயே எழும் கேள்விகளும், வகுப்பில் செய்து பார்த்து நான் நம்பும் பதில்களும் இங்கே உள்ளன. மென்பொருள் பற்றிய பேச்சு இதில் நிறைய வரும். ஆனால் என் அக்கறையெல்லாம் ஒரே இடத்தில்தான்: எதை வைப்பது, எதை நீக்குவது என்று மாணவர் முடிவெடுக்கும்போதுதான் அவர் பாடத்தைக் கற்கிறார். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அந்த முடிவுக்கு அவருக்கு நேரம் கிடைக்கச் செய்வதற்காகவே.

எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

உங்கள் கணினி அறையில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். மேக் கணினியோ ஐபேடோ இருந்தால் ஐமூவி போதும். விண்டோஸ் 11 இருந்தால் கிளிப்சாம்ப் அதனுடனேயே வருகிறது. பழைய கணினிகளும் புதியவையும் கலந்திருக்கும் அறைக்கு ஓப்பன்ஷாட், ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றும் இலவசம், திறமூல மென்பொருள்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கணக்குத் தொடங்கச் சொல்லாது, முடித்த படத்தின்மேல் முத்திரை பதிக்காது. சிறிய வகுப்புகளுக்கு ஓப்பன்ஷாட்டையும் மேல்வகுப்புகளுக்கு ஷாட்கட்டையும் நான் பரிந்துரைப்பேன்.

டாவின்சி ரிசால்வ் பற்றி மாணவர்களே கேட்பார்கள். அதன் இலவசப் பதிப்பு மிகத் திறன் வாய்ந்தது, திரைத்துறையினரே பயன்படுத்துவது. ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டும் தாராளமான நினைவகமும் இல்லாத கணினியில் அது திணறும். வீட்டில் வசதி உள்ள மாணவர் தனியாகக் கற்றுக்கொள்ளட்டும். வகுப்புக்கு வேண்டாம்.

விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அந்தப் பெயரில் இன்று இணையத்தில் கிடைக்கும் கோப்புகளை நம்பிப் பதிவிறக்காதீர்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வகுப்பு முழுவதும் ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழு கண்டுபிடித்த வழி அடுத்த மேசைக்குத் தானாகப் போய்ச் சேரும்.

கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட முடியாதா?

படமெடுக்கக் கைப்பேசி தாராளமாகப் போதும். எடிட்டிங்கையும் அதில் செய்யலாம். ஆனால் சின்னத் திரையை ஒருவர் கையில் வைத்திருக்க, மற்ற மூவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கலைந்துபோவார்கள். கணினித் திரை முன் நால்வர் உட்கார்ந்தால் "இந்த இடத்தில் ஏன் வெட்டினாய்?" என்ற கேள்வி வருகிறது. அந்த வாக்குவாதத்துக்காகவே கணினியை விரும்புகிறேன். கைப்பேசிதான் வழி என்றால், குழுவில் இருவருக்கு மேல் வேண்டாம்.

மென்பொருளைக் கற்றுக்கொடுக்க எத்தனை வகுப்புகள் ஒதுக்க வேண்டும்?

ஒன்று. கிளிப்பை உள்ளே கொண்டுவருவது, டைம்லைனில், அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில் வைப்பது, இரண்டாக வெட்டுவது, வேண்டாததை நீக்குவது, ஒலியைக் கூட்டிக் குறைப்பது, முடித்த படத்தைத் தனிக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்வது. இந்த ஆறும் தெரிந்தால் முதல் செயல்திட்டத்தை முடித்துவிடலாம். ஷாட்கட்டில் வெட்டுவதற்கு எஸ், நீக்கி இடைவெளியை மூடுவதற்கு எக்ஸ் என்று இரண்டு விசைகளைச் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. மற்றவை தேவை வரும்போது கேட்பார்கள், அப்போது சொன்னால் மறக்காது.

இந்த முதல் வகுப்பில் மாணவர்கள் தாங்களே எடுத்த படங்களைப் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் எடுத்த ஒரே கிளிப்பை எல்லாக் குழுக்களுக்கும் கொடுங்கள். தன் முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரிக்கும் நேரம் மிச்சமாகும். அதைவிட முக்கியமாக, ஒரே மூலத்திலிருந்து ஆறு வேறு படங்கள் வருவதை எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள்.

வெட்டி ஒட்டுவதில் பாடம் எங்கே இருக்கிறது?

மேலே சொன்ன முதல் வகுப்புக்கு நான் கொடுக்கும் கிளிப் 40 வினாடிகள் ஓடும். ஒரு கை நீல லிட்மஸ் தாளை எடுக்கிறது, கேமராவிடம் காட்டுகிறது, எலுமிச்சைச் சாறு உள்ள கண்ணாடிக் குவளையில் தோய்க்கிறது, வெளியே எடுக்கிறது, தாள் சிவந்திருக்கிறது. நடுவில் ஒரு தும்மல், ஒரு முறை தாள் கை தவறி விழுவது, பின்னணியில் நாற்காலி இழுபடும் சத்தம். "இதை 12 வினாடியாக்குங்கள், சாறு அமிலம் என்று பார்ப்பவர் நம்ப வேண்டும்." இவ்வளவுதான் பணி.

பெரும்பாலான குழுக்கள் தும்மலையும் விழுந்த தாளையும் உடனே நீக்கிவிடும். அடுத்து, சிவந்த தாள் பார்க்க அழகாக இருப்பதால் அதற்கே எட்டு வினாடி கொடுப்பார்கள். தொடக்கத்தில் தாள் நீலமாக இருந்த காட்சி 'ஒன்றும் நடக்கவில்லை' என்ற காரணத்தால் பலியாகும். திரையிடும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தாள் முதலிலேயே சிவப்பாக இருந்திருந்தால்?" வகுப்பு அமைதியாகும். நீலத்தை வெட்டியவர்கள் சான்றையே வெட்டிவிட்டார்கள். பரிசோதனைக்கு முந்தைய நிலையைப் பதிவு செய்ய வேண்டும் என்று பாடநூல் சொல்வதை அவர்கள் அன்று தங்கள் கையால் உணர்கிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி போய், தோய்க்கும் தருணத்தில் வெட்டே விழக் கூடாது, விழுந்தால் தாளை மாற்றிவிட்டதாகப் பார்ப்பவர் சந்தேகிப்பார் என்று வாதாடுவார்கள். அந்த வாதத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

மொழிப் பாடத்துக்கும் சமூக அறிவியலுக்கும் வேறொரு பயிற்சி உண்டு. ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன் ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை ஒரு முறை சூப் கிண்ணத்தோடும் இன்னொரு முறை சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையோடும் இணைத்துக் காட்டினார். அதே முகத்தில் பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் மாறி மாறிக் கண்டார்கள் என்பது படத்தொகுப்பு வரலாற்றில் பெயர்பெற்ற செய்தி. உங்கள் மாணவர் ஒருவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்து வினாடிக் கிளிப்பை வைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். அதன்பின் செய்தித் தொகுப்புகளை அவர்கள் பார்க்கும் விதமே மாறிவிடும்.

காணொலி எவ்வளவு நீளம் இருக்கலாம்?

இரண்டு நிமிடம். 30 பேர் கொண்ட வகுப்பில் ஐந்து பேருக்கு ஒரு குழு என்றால் ஆறு படங்கள், மொத்தம் 12 நிமிடம். ஒரே பாடவேளையில் எல்லாவற்றையும் திரையிட்டுப் பேசவும் நேரம் இருக்கும். ஐந்து நிமிடம் அனுமதித்தால் திரையிடலே அரை மணி நேரத்தை விழுங்கிவிடும். தவிர, வரம்பு குறுகலாக இருந்தால்தான் நீக்க வேண்டிய கட்டாயம் வரும். மாணவர்கள் கெஞ்சினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படமெடுக்கப் போகும் முன் என்ன தயாராக இருக்க வேண்டும்?

காகிதத்தில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் காதில் விழப்போவது, வலப்பக்கம் கண்ணில் படப்போவது. வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிசைக்குப் படம் இல்லை என்று அர்த்தம், அங்கே யாரோ ஒருவர் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார். அட்டவணையில் நீங்கள் கையெழுத்திட்ட பிறகே கேமரா வெளியே வரட்டும். வர்ணனையை உரக்கப் படித்து நேரம் பார்க்கச் சொல்லுங்கள், மனத்துக்குள் படிக்கும் வேகம் ஏமாற்றும்.

படமெடுக்கும்போது நான்கு விதிகள் போதும். கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு காட்சியையும் ஆடாமல் 10 வினாடி எடுக்க வேண்டும். வெளிச்சம் பேசுபவரின் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. ஒரே பொருளை எட்டத்திலிருந்தும் கிட்டத்திலிருந்தும் எடுக்க வேண்டும். இந்த நான்காவதைத்தான் மறப்பார்கள். எடிட்டிங்கில் உட்கார்ந்தபின் அருகில் எடுத்த காட்சி இல்லையே என்று வருந்துவார்கள்.

நேற்றுத் திறந்த ப்ராஜெக்ட் இன்று 'கோப்பைக் காணவில்லை' என்கிறது. ஏன்?

வகுப்பறை எடிட்டிங்கில் கண்ணீர் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

ப்ராஜெக்ட் கோப்பில் உங்கள் படம் இல்லை. எந்தக் கிளிப், எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எத்தனையாவது வினாடியிலிருந்து எத்தனையாவது வினாடி வரை வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. அதனால்தான் ஒரு மணி நேரப் படப்பதிவை வைத்துச் செய்த ப்ராஜெக்ட்டும் சில நூறு கிலோபைட் அளவில் இருக்கிறது. அந்த ஒரு கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டு எடுத்துச் செல்லும் மாணவர், வீட்டுக் கணினியில் வெற்று டைம்லைனைத்தான் பார்ப்பார். கிளிப்பின் பெயரை மாற்றினாலும், டெஸ்க்டாப்பில் இருந்ததை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் இதே கதிதான்.

வழி எளிது, ஆனால் முதல் நாளே பழக்கமாக வேண்டும். மென்பொருளைத் திறக்கும் முன் குழுவின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் படம், ஒலி, நிழற்படம் என்று மூன்று உள்ஃபோல்டர்கள். கைப்பேசியிலிருந்து வந்த எல்லாமே முதலில் இங்கே வந்து சேரும், பிறகுதான் மென்பொருளுக்குள் போகும். ப்ராஜெக்ட் கோப்பும் இதே ஃபோல்டரில். இடம் மாற்ற வேண்டுமானால் முழு ஃபோல்டரையும் மாற்ற வேண்டும். கேடென்லைவில் ப்ராஜெக்ட்டைக் காப்பகப்படுத்தும் வசதி உண்டு, சிதறிக் கிடக்கும் கிளிப்புகளையும் தேடி ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுக்கும். ஏற்கெனவே தொலைந்திருந்தால் பதற வேண்டாம். மூலக் கிளிப் எங்காவது இருக்கும்வரை மென்பொருளிடம் புதிய இடத்தைக் காட்டினால் வெட்டுகள் எல்லாம் அப்படியே திரும்பிவிடும்.

கைப்பேசியில் இருக்கும் மூலப் படங்களை மதிப்பீடு முடியும்வரை அழிக்கக் கூடாது என்பதையும் விதியாக்குங்கள்.

கணினி திக்கித் திணறுகிறது. புதிய கணினி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். முதலில், பென் டிரைவிலிருந்தே நேரடியாக எடிட் செய்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். கணினியின் வன்தட்டுக்கு நகலெடுத்த பிறகு வேலை செய்யட்டும். அடுத்து, கைப்பேசியில் 4கே தரத்தில் எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வகுப்புப் படத்துக்கு 1920 × 1080 தேவைக்கு மேல் போதும், பழைய கணினிகளில் 1280 × 720 கூடச் சரிதான். மூன்றாவது வழி ப்ராக்ஸி. கிளிப்பின் எடை குறைந்த நகலை வைத்து எடிட் செய்ய விட்டு, எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் மென்பொருள் அசலை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் அமைப்புகளில் ஒரு சொடுக்கில் இயக்கலாம்.

பென் டிரைவில் இடம் இருந்தும் பெரிய கோப்பு ஏற மறுத்தால் அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பவை அழியும் என்பதால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

படம் நன்றாக இருக்கிறது, பேசுவதுதான் கேட்கவில்லை. என்ன செய்வது?

மங்கலான படத்தைப் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். புரியாத ஒலியைப் பொறுக்க மாட்டார். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வதைவிட எடுக்கும்போதே தவிர்ப்பது எவ்வளவோ சுலபம். கேமராவாக ஒரு கைப்பேசி, ஒலிப்பதிவுக் கருவியாக இன்னொரு கைப்பேசி. இரண்டாவதைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், கேமராவின் சட்டகத்துக்குள் தெரியாதபடி வைக்கலாம். இரண்டும் ஓடத் தொடங்கியதும் ஒருவர் ஒரு முறை கை தட்ட வேண்டும். அந்தத் தட்டு இரண்டு பதிவின் அலைவடிவத்திலும் கூர்மையான முள்ளாகத் தெரியும். டைம்லைனில் இரண்டு முட்களையும் நேர்செய்தால் உதடும் குரலும் பொருந்திவிடும். மாணவர்களுக்கு இது மந்திரம்போல் பிடித்துப்போகிறது.

ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 10 வினாடி அமைதியைப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியின் ரீங்காரம் மட்டும் இருக்கும் அந்தத் துண்டு இரண்டு வகையில் உதவும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அதை இரைச்சல் மாதிரியாகக் காட்டிப் பேச்சிலிருந்து அந்த இரைச்சலைக் குறைக்கலாம். வெட்டுகளுக்கு நடுவே திடீரென விழும் வெறுமையையும் அதைக் கொண்டு நிரப்பலாம்.

ஒலிமானியில் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தாண்டினால் கரகரக்கும். பின்னணி இசை குரலைவிடக் குறைந்தது 15 டெசிபல் கீழே இருக்க வேண்டும். ஹெட்போன் இல்லாமல் இதைத் தீர்மானிக்க முடியாது, ஆகவே குழுவுக்கு ஒன்றாவது தேவை.

தொடக்கத்தில் பொருந்தும் உதடும் குரலும் போகப் போக விலகுகின்றன. ஏன்?

கைப்பேசிகள் பல, வெளிச்சத்துக்கேற்ப வினாடிக்கு எத்தனை சட்டகம் (ஃபிரேம்) என்பதை மாற்றிக்கொண்டே படமெடுக்கும். எடிட்டிங் மென்பொருள் அந்த எண்ணிக்கை நிலையாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறது. ஷாட்கட் இதைக் கண்டுகொண்டு, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று கேட்கும். சம்மதம் சொல்லுங்கள். மற்றவற்றில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் மூலம் நிலையான சட்டக வேகத்துக்கு மாற்றிய பிறகு உள்ளே கொண்டுவரலாம்.

தலைப்பில் தமிழ் எழுத்துகள் உடைகின்றன. 'கொ' என்று தட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கிறது.

எல்லா எடிட்டிங் மென்பொருள்களும் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டுவதில்லை. முதலில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் மென்பொருளோடு போராட வேண்டாம். லிபர்ஆபிஸ் அல்லது இங்க்ஸ்கேப்பில் தலைப்பை எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, டைம்லைனில் மேல் ட்ராக்கில் (மேல் வரிசையில்) வையுங்கள். எந்த மென்பொருளிலும் எழுத்து உடையாது.

சப்டைட்டிலுக்கு எஸ்ஆர்டி கோப்பு எழுதினால் அதை யூடிஎஃப்-8 குறியீட்டில் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகளோ புரியாத குறிகளோ வரும். சப்டைட்டிலைக் கட்டாயமாக்குங்கள் என்பது என் வேண்டுகோள். காது கேளாத ஒரு மாணவர் உங்கள் வகுப்பில் இன்று இல்லாமல் இருக்கலாம், படத்தைப் பார்க்கப்போகும் எல்லோரையும் நமக்குத் தெரியாதே. தவிர, தான் பேசியதையே எழுதிப் பார்க்கும் மாணவர் அதிலுள்ள பிழைகளைத் தானே திருத்துகிறார்.

பிரபலமான பாட்டைப் பின்னணியில் வைக்கலாமா?

மாணவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். வகுப்புக்குள் மட்டும் காட்டும் படத்துக்குச் சட்டத்தின் சலுகை நாட்டுக்கு நாடு வேறுபடும். இணையத்தில் ஏற்றிய மறுகணம் நிலைமை கடுமையாகும். ஆரம்பத்திலிருந்தே உரிமம் தெளிவாக உள்ளதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பதுதான் நியாயம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் புழக்கத்தில் உள்ளன. சிசி0 என்றால் தடையின்றிப் பயன்படுத்தலாம். பிஒய் என்றால் படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். என்டி என்று இருந்தால் மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது. இசையைப் படத்தோடு பொருத்துவதே மாற்றியமைத்தலாகக் கொள்ளப்படும் என்பதால் அந்த இசையைத் தொட வேண்டாம். படத்தின் இறுதியில் ஒவ்வொன்றின் பெயர், படைத்தவர், உரிமம் மூன்றும் வர வேண்டும். எந்த இசையும் இல்லாத படத்துக்கு நான் ஒருபோதும் மதிப்பெண் குறைப்பதில்லை.

மாணவர்களின் முகம் வரலாமா?

பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் வகுப்புக்கு வெளியே எதுவும் போகக் கூடாது. ஒரே ஒரு மாணவர் விரும்பவில்லையென்றாலும் அது அவர் உரிமை, காரணம் கேட்காதீர்கள். கைகள், பொருள்கள், வரைபடங்கள், குரல் ஆகியவற்றை மட்டும் கொண்டே மிக நல்ல படம் செய்யலாம். சீருடைச் சின்னம், பெயர்ப்பட்டை, சுவரில் உள்ள வருகைப் பட்டியல் ஆகியவை கேமராவின் சட்டகத்துக்குள் விழுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குத் தொடங்கச் சொல்லும் பல செயலிகள் 13 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்பதில்லை. பொய்யான பிறந்த ஆண்டைக் கொடுத்து நுழையும்படி ஆசிரியரே சொல்லக் கூடாது.

விதவிதமான எஃபெக்ட்டுகளை அனுமதிக்கலாமா?

முதல் படத்தில் நேர்வெட்டு மட்டும், அதாவது ஒரு காட்சி முடிந்ததும் எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் அடுத்தது. இரண்டாவது படத்தில் ஒரே ஒரு வகை மாற்றம், அதுவும் காலமோ இடமோ மாறும்போது. திரை பளிச்சிடும் எஃபெக்ட்டுகளை முற்றிலும் தவிர்க்கச் சொல்லுங்கள். வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சி, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்தானது.

ஒருவர் எடிட் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

எல்லாக் கிளிப்புகளையும் குழுவில் உள்ள ஒவ்வொருவருக்கும் கொடுத்து, முதல் 30 வினாடியை மட்டும் தனித்தனியாக எடிட் செய்யச் சொல்லுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து எது நிற்கிறது என்று குழுவே முடிவு செய்யட்டும். கணினிகள் குறைவு என்றால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாற வேண்டும். எப்போதும் கணினியில் உட்காரும் மாணவர் ஒருவர் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவருக்கு வர்ணனை எழுதும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள், அவருக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

பளபளப்புக்குப் போடாதீர்கள். வீட்டில் நல்ல கைப்பேசியும் கணினியும் உள்ள மாணவருக்குப் போடும் மதிப்பெண்ணாக அது முடிந்துவிடும். நான் 100க்கு இப்படிப் பிரிக்கிறேன்: உள்ளடக்கம் சரியாக இருப்பதற்கு 40, முன்கூட்டிய அட்டவணைக்கு 20, வெட்டுகளுக்கான காரணத்துக்கு 20, ஒலி தெளிவுக்கு 10, படத்தின் இறுதியில் வரும் நன்றி அறிவிப்புக்கு 10. காரணம் என்பது ஒரு பக்கத் தாள்தான். படத்திலிருந்து நீக்கிய மூன்று காட்சிகளையும் ஏன் நீக்கினோம் என்பதையும் எழுத வேண்டும். "நீளமாகிவிட்டது" என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள். "அதே கருத்தை வரைபடம் முன்பே சொல்லிவிட்டது" என்று எழுதுபவருக்குப் பாடம் புரிந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

பேச்சைத் தானாகச் சப்டைட்டிலாக்கும் வசதி நேரத்தை மிச்சப்படுத்தும். வார்த்தைக்கு வார்த்தை சரிபார்ப்பது மாணவரின் வேலை. நீளமான பதிவைத் தானாகவே வெட்டிச் சுருக்கிக் கொடுக்கும் கருவி வேண்டாம். நாம் கற்கச் சொன்ன வேலையையே அது செய்துவிடுகிறது. கணினிக் குரலில் வர்ணனை கொடுப்பதையும் நான் ஊக்குவிப்பதில்லை. பேசக் கூச்சப்படும் பிள்ளை நான்கு முறை தன் குரலைப் பதிவு செய்து, நான்காவதைத் தேர்ந்தெடுக்கும்போது வரும் துணிவு பெரிது.

எந்த வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்வது?

எம்பி4 கோப்பு, எச்.264 முறை. ஏறத்தாழ எல்லாக் கணினியிலும் ஓடும். வினாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி, இரண்டு நிமிடப் படம் 120 எம்பி. கடைசி நாள் கடைசி மணியில் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் எக்ஸ்போர்ட் செய்யும் நிலை வராமல், சமர்ப்பிப்புக்கு ஒரு வகுப்பு முன்பே எக்ஸ்போர்ட்டுக்கு நாள் குறியுங்கள். வந்த கோப்பை வேறொரு கணினியில் முழுவதுமாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் அது சமர்ப்பிக்கப்பட்டதாகக் கணக்கு.

முடிந்த பிறகு மூலக் கோப்புகளை என்ன செய்வது?

திரையிடல் முடிந்து மதிப்பெண்ணும் வெளியான பிறகு முழு ஃபோல்டரை மாணவர்களிடம் கொடுத்துவிட்டுக் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். வட்டில் இடமும் மிஞ்சும், பிள்ளைகளின் முகங்கள் பொதுக் கணினியில் தங்கியிருக்கவும் மாட்டா. அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் காட்ட ஒன்றிரண்டை வைத்துக்கொள்ள விரும்பினால் அந்தக் குழுவிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டு, முடித்த படத்தோடு அவர்கள் எழுதிய அந்த ஒரு பக்கக் காரணத் தாளையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.